உழைச்செல்வாள் அல்லது 'கூட யாரு வந்திருக்கா?'

1

அரசு மருத்துவமனையில் யாரையாவது உள்நோயாளியாகச் சேர்க்கப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது: 'கூட யாரு வந்திருக்கா?' பல சமயங்களில் நோய் என்னவென்று கேட்பதற்கு முன்பாகவே இது கேட்கப்பட்டுவிடும். கேட்பவருக்குத் தேவை ஓர் ஆளின் பெயரை விட ஓர் உடல். ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, பாட்டில் தீர்ந்ததும் போய்ச் சொல்ல, மலஜலம் எடுக்க, ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடக்க ஓர் உடல். இந்த உடலுக்கு மருத்துவமனைக் கணக்கில் படுக்கை கிடையாது, சாப்பாடு கிடையாது, கேஸ் ஷீட் கிடையாது. ஆனால் இது இல்லாமல் வார்டு ஒரு நாள் நடக்காது.

சமவெளியில் உள்ள ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த ஓர் அக்காவிடம் இக்கேள்வி கேட்கப்பட்டபோது பக்கத்தில் நின்றிருந்தேன். மாமியாருக்கு வாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது. 'நாந்தாங்க' என்றார். 'வேற யாரும் இல்லியா?' 'வேற யாரு இருக்கா. நாந்தான்.' பிறகு பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: 'ஆட்டையும் மாட்டையும் பக்கத்தூட்ல பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன் கண்ணு. இவங்கள நான் பாக்குறேன், அது ஒண்ணுமில்ல. நான் படுத்துட்டா யாரு பாக்கறதுன்னுதான் ரோசனையா இருக்குது.'

இக்கட்டுரை இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. 'இவங்கள நான் பாக்குறேன்' என்ற வாக்கியத்தை நமது அறநூல்களும் சட்டங்களும் நலத்திட்டங்களும் நன்றாகவே அறிந்திருக்கின்றன, அதைப் போற்றுகின்றன, அதன்மீதுதான் கட்டப்பட்டிருக்கின்றன. 'நான் படுத்துட்டா?' என்ற வாக்கியத்தை வாசிக்க அவற்றுக்குத் தெரியவில்லை. இந்தத் தெரியாமை தற்செயலானதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

2

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) எடுத்துக்கொள்வோம். மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் என்கிறது அது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். பக்கத்தில் செல்பவன், கூட இருப்பவன். இந்நான்கு உறுப்புப் பகுப்பு சரக சங்கிதையிலும் உண்டு. பராமரிப்பவரை மருத்துவத்தின் கால்பங்காகக் கணக்கிட்ட ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது என்பது சாதாரணமான விஷயமல்ல. இன்றைய பொது சுகாதாரத் திட்டங்கள் பலவற்றில் இந்த நான்காவது உறுப்புக்குப் பெயர்கூட இல்லை.

ஆனால் உரைக்குப் போனால் கதை மாறுகிறது. பரிமேலழகர் நான்கு உறுப்புகளுக்கும் நான்கு நான்கு இயல்புகள் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவனுக்கு உரியவை: நோயாளியிடம் அன்பு, மனம்-மொழி-மெய் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. எல்லாம் அவன் பிறருக்குத் தர வேண்டியவை. அவனுக்கு யார் என்ன தர வேண்டும் என்பதற்கு ஒரு சொல் இல்லை. தவிர, அந்த 'ஆன்' விகுதியையும் கவனிக்க வேண்டும். இலக்கணத்தில் பக்கத்தில் செல்பவன் ஆண்; வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடப்பவள் பெரும்பாலும் பெண். சொல் ஒருவனுக்கும் வேலை ஒருத்திக்குமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாம் 'உழைச்செல்வாள்' என்றே எழுதுவோம்.

கொல்லிமலையின் பெயராலேயே ஒரு நீதிநூல் உண்டு: அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகம். மலைமேல் உள்ள அறப்பளீசுவரரை விளித்து, மதவேள் என்னும் புரவலன் பெயரையும் பாட்டுக்குப் பாட்டு சொல்லி நடப்பது. அதில் இல்லாளின் சிறப்பைச் சொல்லும் செய்யுள் முழுக்க ஒரு பட்டியல். கணவனுக்கு இனியவள், மென்மையாகப் பேசுபவள், கோபம் இல்லாதவள், அழகுள்ளவள், நோயும் பழியும் இல்லாத குடும்பத்தில் பிறந்தவள், நாணம் முதலானவை உடையவள், மாமியார் மாமனாருக்கு இதம் செய்பவள், வாசலுக்கு வரும் விருந்தை ஓம்புபவள்... 'நோயில்லாத வழியில் வந்தவள்' என்ற தகுதியைப் பாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள வருகிறவளுக்கு நோய் வரக் கூடாது, அவள் வம்சத்துக்கே வரக் கூடாது. வராந்தாவில் அந்த அக்கா கேட்ட கேள்வியை, கேட்க முடியாதபடிக்கு முன்கூட்டியே அடைத்துவிடுகிறது இந்தத் தகுதி.

இன்னொன்று. மலையின் இறைவன் பெயரைத் தாங்கியிருந்தாலும் இந்தப் பிரதி பேசுவது சமவெளியின் உடைமைக் குடும்பத்தை. மலையில் சாமை விதைக்கிற, மிளகு பறிக்கிற, மரவள்ளி பிடுங்குகிற மலையாளிப் பழங்குடிப் பெண் இதில் எங்குமில்லை. கொல்லிமலையின் பெயரில் எழுதப்பட்டு, கொல்லிமலைப் பெண்ணைக் காணாத முதல் பிரதி என்று இதைச் சொல்லலாமோ என்னவோ. கடைசிப் பிரதி இதுவல்ல என்பது மட்டும் நிச்சயம்.

3

பட்டியல் என்கிற இந்த வடிவம் சதகத்தோடு முடிந்துபோகவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பிய கணவனின் சம்பாத்தியத்தில் வீட்டில் இருந்து குடும்பம் நடத்திய மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நியாயமான, முக்கியமான தீர்ப்பு. அதன் வாதத்தைப் படித்தால், இல்லத்தரசி நிர்வாகி, சமையல்காரர், வீட்டு மருத்துவர், பொருளாதார நிபுணர் என்று ஒரு பட்டியல் வருகிறது. விடுமுறையில்லாத இருபத்துநான்கு மணிநேர வேலை என்று சொல்லப்படுகிறது. சதகத்தில் கடமையாக இருந்தது தீர்ப்பில் திறமையாகிறது. முன்னேற்றம்தான். ஆனால் விடுமுறை இல்லை என்று கண்டுகொண்ட பிரதி விடுமுறை தரவில்லை, பங்கு தருகிறது. பங்கு கேட்க முதலில் சொத்து இருக்க வேண்டும். இரண்டாவது, உறவு முறிந்து வழக்கு வந்திருக்க வேண்டும்.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கீர்த்தி வழக்கில், சாலை விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கும் உத்தேச வருமானம் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும் என்பதை உறுதிசெய்தது. அதற்கும் முன்னால் 2010இல் அதே நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் முதலானோருடன் சேர்த்து 'உழைக்காதவர்' பட்டியலில் வைத்ததைக் கண்டித்திருந்தது. ஆக, உழைச்செல்வாளின் உழைப்புக்கு விலை தெரிவது அவள் செத்த பிறகு; அல்லது பிரிந்த பிறகு. உயிரோடு, வீட்டில், வேலைக்கு நடுவில் இருக்கும்போது அவளை என்ன செய்வது என்று சட்டத்துக்குத் தெரியவில்லை.

நேரடியாகப் பராமரிப்பைப் பற்றிப் பேசும் சட்டங்கள் இரண்டு. முதலாவது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம். இது பிள்ளைகள் மீது கடமையைச் சுமத்துகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம் என்கிறது. மூத்தோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. இதில் 'பிள்ளைகள்' என்பதன் வரையறை மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் இல்லை. நடைமுறையில் பாதி வீடுகளில் படுக்கையைச் சுத்தம் செய்பவள் யாரோ அவளைச் சட்டம் அறியாது. 2019இல் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் உள்ளே கொண்டுவர விரும்பியது, எதற்காக? கடமையில் பங்கு கொடுக்க. மசோதா நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. மாமியாருக்கு இதம் செய்வதைச் சதகம் எழுதிவைத்த இடத்திலேயே நாடாளுமன்றமும் வந்து நின்றது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது பராமரிப்பவரை வரையறுக்கிறது: பெற்றோர், குடும்பத்தினர் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பவர். இந்தியச் சட்டமொழியில் 'ஊதியம் பெறாமல்' என்ற சொல் இந்த இடத்தில் வருவது பெரிய விஷயம். ஆனால் 24ஆம் பிரிவுக்குப் போனால், பராமரிப்பாளருக்கான படி என்பது அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்குத் தரப்படுவதாக இருக்கிறது. அதுவும் அரசின் பொருளாதாரத் திறனின் எல்லைக்குள். மாற்றுத்திறனாளியின் கையில் பணம் இருப்பது அவருடைய சுயமரியாதைக்கு அவசியம். அதில் எனக்கு மறுப்பில்லை. பராமரிப்பவளுக்கென்று தனியாக ஒரு வரி எழுத இடம் இருந்ததா என்பதே கேள்வி. வரையறையில் வந்தவள் வழங்கலில் காணாமல் போகிறாள்.

4

தமிழ்நாட்டில் இதற்கு விதிவிலக்காகச் சொல்லப்படுவது 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். 'உதவித்தொகை' என்ற பழகிய சொல்லை நீக்கி 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததையும், பெண்களின் ஊதியமற்ற உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னதையும் நாம் லேசாகக் கடந்துவிட முடியாது. பெயர் வைப்பது அரசியல். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பெண்கள் தாலுகா அலுவலகத்தில் 'இது எங்க உரிம' என்று பேச முடிந்தது.

ஆனால் திட்டத்தின் தர்க்கம் வேறு மாதிரி. ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவி. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். நிலத்துக்கு ஓர் உச்சவரம்பு. மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பு. உழைப்பு அளவுகோலாக வரவில்லை, ஏழ்மை வருகிறது. முதலில் வந்த விதிகளில் முதியோர் ஓய்வூதியம் போன்றவற்றைப் பெறுவோர் உள்ள குடும்பங்கள் விலக்கப்பட்டிருந்தன. அதாவது பார்த்துக்கொள்ள ஒரு கிழவி இருப்பதே பார்த்துக்கொள்பவளுக்குத் தகுதியிழப்பு! எதிர்ப்பு வந்தபிறகு 2023 ஆகஸ்டில் தளர்த்தினார்கள். தளர்த்தியது சரி. ஆனால் முதலில் அப்படி எழுதத் தோன்றியது எப்படி? பராமரிப்பு உழைப்புக்குத்தான் பணம் என்று எழுதியவர்கள் மனதார நம்பியிருந்தால் அப்படி ஒரு விதி பேனாவுக்கு வந்திருக்காது.

இந்த இடத்தில் பழைய விவாதம் ஒன்றை நினைவுகூரலாம். 1972இல் தொடங்கிய 'வீட்டுவேலைக்கு ஊதியம்' இயக்கத்தில் மரியாரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடெரிச்சி முதலானோர் இருந்தார்கள். ஃபெடெரிச்சியின் 1975 கட்டுரையின் வாதம், ஊதியம் கேட்பது அந்த வேலையில் நிலைத்திருக்க அல்ல, அதை மறுப்பதற்கான முதல் படி என்பது. அன்பு என்று சொல்லப்படுவதை வேலை என்று சொன்னால்தான் 'இன்று முடியாது' என்று சொல்ல முடியும். இதற்கு எதிராக ஏஞ்சலா டேவிஸ் 1981இல் எழுதினார்: கறுப்பினப் பெண்கள் காலங்காலமாக அடுத்தவர் வீட்டில் கூலிக்கு வீட்டுவேலை செய்தவர்கள்தான்; கூலி அவர்களை விடுவித்துவிடவில்லை; வேலையைச் சமூகமயமாக்குவதே வழி.

கொல்லிமலையில் நின்று பார்த்தால் டேவிஸின் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. இங்கே 'இல்லத்தரசி' என்ற உயிரி கிடையாது. காட்டு வேலை, கூலி வேலை, ஆடுமாடு, சமையல், கிழவி, குழந்தை எல்லாம் ஒரே நாளின் ஒரே உடலில் நடக்கின்றன. 'குடும்பத் தலைவி' என்ற சொல் சதகத்திலிருந்து இறங்கி ரேஷன் அட்டையில் ஏறிய சொல். ஆனால் ஃபெடெரிச்சியின் சொல் ஒன்றை விட்டுவிட முடியாது: மறுப்பு. ஆயிரம் ரூபாய் கையில் இருப்பதால் அந்த அக்கா ஒரு நாள் 'இன்னிக்கு முடியல' என்று படுத்துக்கொள்ள முடியுமா? முடியாது. பணம் வரும், மாற்று ஆள் வராது. நமது கொள்கையின் ஓட்டை சரியாக இந்த இடத்தில் இருக்கிறது.

5

பிரச்சினை நேரம். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் குடும்பத்தினரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 74 நிமிடம். அரசின் கையில் எண் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த எண்ணும் ஒரு பிரதிதான். விடிகாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் நான்கு மணிவரை, அரைமணி அரைமணியாக நாளைக் கூறுபோட்டுக் கேட்கிறார்கள். கிழவி இருமினால் எழுந்திருக்க வேண்டுமே என்று அரைத்தூக்கத்தில் கிடப்பது எந்த அரைமணியில் வரும்? காட்டில் களையெடுக்கும்போது வீட்டுப் பக்கமே ஒரு காது கிடப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தூக்கம் என்றும் விவசாயம் என்றும்தான் அது பதிவாகும்.

நேரத்தைக் கொடுத்த ஒரு தலையீடு கொல்லிமலையிலேயே நடந்திருக்கிறது. யாரும் அதைப் பராமரிப்பாளர் நலன் என்று அழைக்கவில்லை. சாமை, பனிவரகு போன்றவற்றின் உமி லேசில் விடாது. உரலில் போட்டு, குத்தி, புடைத்து, மறுபடி குத்த வேண்டும்; முழுக்கப் பெண்களின் கை. மலையில் இந்தத் தானியங்களின் பரப்பு சுருங்கியதற்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளியின் காசும் ரேஷன் அரிசியும் காரணங்கள் என்றால், இந்த உலக்கையும் ஒரு காரணம். 1990களிலிருந்து அங்கே வேலை செய்த மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பாரம்பரியத் தானியங்களைக் காப்பாற்றும் முயற்சியின் பகுதியாக, உமி நீக்கும் சிறு எந்திரங்களை ஊர்களில் வைக்க உதவியது. விதையைக் காப்பாற்றப் போனவர்கள் தோளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2023ஐ உலகம் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது நகரத்து மேடைகளில் 'பாட்டி சமைத்த சாமைச் சோறு' பற்றி உருகியவர்களில் எத்தனை பேர் பாட்டியின் உலக்கையைப் பற்றிப் பேசினார்கள்?

எந்திரம் மிச்சப்படுத்திய நேரம் பெண்ணுக்கே கிடைத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். மிச்சமான நேரத்தைக் கூலி வேலை விழுங்கிவிடலாம்; இன்னொரு குடம் தண்ணீர் விழுங்கிவிடலாம். ஆனாலும் எது கொள்கை என்பதை இந்த எந்திரம் காட்டிவிடுகிறது. பாராட்டுவிழாவால் உலக்கையின் எடை குறையாது. அதே போல்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதும், இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருவதும் திட்டம். மாத்திரை வீட்டுக்கு வந்தால், காரவள்ளியிலிருந்து ஏறும் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் ஒரு இறக்கமும் ஒரு ஏற்றமும் அந்த அக்காவுக்கு மிச்சம். ஆனால் அட்டை நோயாளியின் பெயரில். வீட்டுக்கு வருபவர் கிழவியின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவளின் கையில் பார்க்கச் சொல்லி எந்தப் படிவமும் சொல்லவில்லை. அப்படி வீடு வீடாகப் போகிறவளும் ஒரு பெண்தான். திட்டம் தொடங்கியபோது அவளுக்கு மாதம் 4,500 ரூபாய், 'தன்னார்வலர்' என்று பெயர். வீட்டுக்குள் அன்பு என்று வழங்குவது அரசு வேலையில் தன்னார்வம் என்று வழங்குகிறது.

6

'இதெல்லாம் பணக்கார நாடுகளின் கதை, நமக்கு ஆகுமா?' என்று கேட்கலாம். அந்தப் பணக்கார நாட்டின் கதையையும் பார்த்துவிடுவோம். பிரிட்டனில் 1976இல் பராமரிப்பவர்களுக்கென்று ஒரு படி கொண்டுவந்தார்கள். திருமணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது வாதம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் வழக்காடி, 1986இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்ற பிறகுதான் அந்த விலக்கு போனது. ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீடு, வீட்டில் பராமரிப்பவருக்காக ஓய்வூதியச் சந்தா செலுத்துகிறது. அவருக்கு உடம்பு முடியாதபோதோ அவர் விடுப்பில் போகும்போதோ மாற்று ஆளுக்கான செலவை ஏற்கிறது. 'நான் படுத்துட்டா?' என்ற கேள்விக்கு ஒரு சட்டம் பதில் எழுதியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ஆசுவாசகிரணம் என்ற திட்டம் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கே மாதம் 600 ரூபாய் தர ஏற்பாடு செய்தது. தொகை சிறிது, நிலுவையில் நின்றதாகப் புகார்களும் வந்தன. ஆனால் பெயர் அவளுடையது.

நமக்கு என்ன வேண்டும்? மாதத்தில் இரண்டு நாளாவது வந்து நிற்கும் மாற்று ஆள். அந்த ஆளும் அதே ஊரைச் சேர்ந்தவராக, பயிற்சி பெற்றவராக, 'ஊக்கத்தொகை' அல்லாமல் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் மருத்துவத்தில் பராமரிப்பவருக்கு ஒரு தனி அட்டை: அவரது முதுகுவலி, அவரது தூக்கம், அவரது மனச்சோர்வு. மருத்துவமனையில் கூட இருப்பவருக்கு ஒரு படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு. வேண்டும் என்று கேட்டு அழைக்கிறவர்கள் அதைத் தரத்தானே வேண்டும்? கடைசியாக, பணம் என்றால் அது பராமரிப்பவர் பெயரில், மருமகளானாலும் மகனானாலும். 'மகளிர்' என்று மட்டும் எழுதினால் பராமரிப்பு பெண்ணின் பிறவித் தொழில் என்று அரசே முத்திரை குத்தியதாகும். மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவன்களும் இருக்கிறார்கள். குறைவு, ஆனால் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூட வேண்டுமானால் படிவத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

7

சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை அடிக்கடி வருகிறாள். தெய்வம் செய்து வைத்த பெண்ணுருவம். நற்றிணையில் பரணரின் பாட்டொன்றில் (201) காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி இடித்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாமல் நிற்கிறாள் அவள். காதலிக்கு உவமையாகச் சொன்னது. எழுதுகிற ஆணுக்கு அவள் குலையாமல் நிற்பது அழகாக இருந்திருக்கிறது. சதகத்தின் நோயற்ற இல்லாள், உரையாசிரியரின் நான்கு இயல்பு கொண்ட உழைச்செல்வான், தீர்ப்பின் விடுமுறையற்ற வீட்டு மருத்துவர், திட்டத்தின் குடும்பத் தலைவி எல்லோரும் இந்தப் பாவையின் வாரிசுகளாகவே எழுதப்பட்டிருக்கிறார்கள். தேய்மானம் இல்லாத ஒரு பெண்ணுருவத்தை நம்பித்தான் நமது நலவாழ்வுக் கணக்கு போடப்படுகிறது. அப்படிப்பட்ட கணக்கில் மாற்று ஆளுக்கு ஒதுக்கீடு எப்படி வரும்?

மருத்துவமனையில் அந்த அக்கா பதினோரு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் அவருக்கே காய்ச்சல். ஊரிலிருந்து நாத்தனார் வரும்வரை, பக்கத்துக் கட்டிலில் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பெண்மணி இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். மாற்று ஆள் என்று நான் மேலே எழுதியது புதுசு ஒன்றுமில்லை, வார்டுக்குள் தினமும் இலவசமாக நடந்துகொண்டிருப்பதுதான். அதற்குச் சம்பளமும் பெயரும் கொடுக்க அரசுக்கு என்ன தடை என்பதை இனிமேல் பேச வேண்டும்.